பிளக்கில் கரி, டிரைவர்மேல் பழி

இந்த வாரம் கோபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாள் கழித்து எழுதினால் ஆறிவிடும் என்று பாஸ்கர் சொன்னான். ஆறக்கூடாது என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன்.

போன புதன்கிழமை காலை. கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தோம் — நானும் என் கூட்டாளி பாஸ்கரும். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்கடியில் குனிந்து லட்சுமணன் உள்ளே வந்தார்.

லட்சுமணன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஊர். கீழே ஒரு ரைஸ்மில்காரரிடம் ஏழு சீட்டு பெட்ரோல் வேன் ஓட்டுகிறார். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு என்று மலைக்கும் கீழுக்குமாக வாடகை ஓட்டம். எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

“இன்னாண்ணே, வண்டி எங்க?”

“மில்லுல நிக்கிது. சாவிய வாங்கிக்கினாரு.”

“ஏன்?”

அவர் ஸ்டூலைப் பார்த்தார். உட்காரவில்லை. “தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்குதுன்னு நீ சொன்னியா?”

“ஆமா. சொன்னேன்.”

“அதான்,” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்த பிறகு ஷட்டரை முழுசாக ஏற்றக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

அந்த வேனை மில்காரரே எங்களிடம் கொண்டுவந்தார், லட்சுமணனும் கூட வந்தார். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. நான் ஸ்கேனரைச் சொருகினேன். திரையில் இரண்டு வரி வந்தது. பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று ஒன்று. ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு என்று இன்னொன்று.

வண்டி விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். புகை வெளியேறுகிற பைப்பில் விரல் தண்டிக்கு ஒரு சென்சார் இருக்கும். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்து, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. ஆக்சிஜன் ஜாஸ்தி என்றால் சென்சாரின் வோல்டேஜ் இறங்கும், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் கூட்டி ஊற்றும். கம்மி என்றால் குறைத்து ஊற்றும். அவ்வளவுதான்.

சென்சார் என்ற பெயர் திரையில் வந்துவிட்டது. சென்சாரை மாற்றி, ஸ்கேனரில் அந்த இரண்டு வரியையும் அழித்தேன். விளக்கு அணைந்தது.

மில்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “இனிமே வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லியே?”

“இல்ல சார். வண்டி பக்கா.”

பக்கா! எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

நாலே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்திருக்கிறது. லட்சுமணன் போய்ச் சொல்லியிருக்கிறார். மில்காரர் என்ன செய்தார் தெரியுமா? கடையில் ஒரு முருகன் ஸ்டிக்கர் வாங்கி, சரியாக அந்த விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார். “சும்மா அதையே பாத்துக்கினு ஓட்டாத. ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஆனால் மைலேஜுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாதே? அது பதினொன்றிலேயே நின்றது.

அப்போதுதான் மில்காரருக்கு யோசனை வந்தது. வண்டி பக்கா. மெக்கானிக்கே சொல்லிவிட்டான். வண்டி பக்கா என்றால் பெட்ரோல் எங்கே போகிறது?

டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பெட்ரோல் பங்க்குக்கு அவரே கூட வந்து நிரப்பிப் பூட்டிவிட்டுப் போவார். இப்போது சொல்லுங்கள் — பூட்டிய டேங்கிலிருந்தும் அதே அளவு பெட்ரோல் காணாமல் போகிறது என்றால், அது திருட்டு இல்லை என்றுதானே எந்த மனுஷனுக்கும் தோன்ற வேண்டும்? அவருக்கு வேறு மாதிரி தோன்றியது. திருடன் கெட்டிக்காரன்!

மில் வாசலில், மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் வைத்துச் சொன்னாராம். “அம்மாம் ஒசரத்துல ஏறி தேன் எடுக்குறவனுங்க. வண்டி அடியில பூந்து டியூபக் கழட்டி பெட்ரோல் எடுக்க மாட்டானுங்களா?”

எல்லோரும் சிரித்தார்களாம். இதை லட்சுமணன் எங்களிடம் சொல்லும்போது அவரும் லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சரி, இப்ப இன்னா சொல்றாரு?” என்றான் பாஸ்கர்.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல வந்து சத்தியம் பண்ணணுமாம். ஊர்ல சொல்லிட்டாரு. கையில கற்பூரம் ஏத்தி, புள்ள தலையில அடிச்சாப்பல, நான் எடுக்கலன்னு சொல்லி அணைக்கணுமாம்.”

எங்கள் பக்கம் இது புதிதில்லை. கோழி காணாமல் போனால், கொலுசு காணாமல் போனால், வரப்புக் கல் நகர்ந்தால் கற்பூரம்தான். போலீசை விட சீக்கிரம். வக்கீலும் வேண்டாம்.

“நீங்கதான் எடுக்கலியே. அணைச்சிட்டு வந்துருங்க. முடிஞ்சுது,” என்றேன் நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

“எனக்கு சத்தியம் பண்ண பயமில்ல தம்பி. எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கிது. ஆஸ்டல்ல இருக்குது. நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, ‘பாத்தியா, அப்பன் பொய்ச் சத்தியம் பண்ணான்’னுவாங்க. பரீட்சையில கோட்ட வுட்டா அதான். கண்ணாலம் தள்ளிப் போனா அதான். அந்தப் புள்ள சாகுற வரைக்கும் அதான். எம் பொண்டாட்டி சோறு திங்கல, மூணு நாளா.”

“அப்ப முடியாதுன்னு சொல்லுங்க,” என்றான் பாஸ்கர்.

“முடியாதுன்னா நான் திருடன்னு ஒத்துக்கினதா ஆய்டும். வேலையும் போய்டும். மலையில வேற யாரு என்னை நம்பி வண்டி குடுப்பாங்க?”

செய்தாலும் மாட்டினார், செய்யாவிட்டாலும் மாட்டினார். அவர் மட்டும் இல்லை — ஹாஸ்டலில் உட்கார்ந்து எதுவுமே தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் மாட்டியிருக்கிறாள். எதனால்? நான் சொன்ன ஒரு வார்த்தையால்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி மில்காரர்மேல். மீதி யார்மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் அப்பா கரும்பு வெட்டப் போனவர். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். “எழுதியிருக்குதே, தப்பாவா இருக்கும்?” என்பாள். நான் அவளைக் கிண்டல் செய்வேன். ஆனால் ஸ்கேனர் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்ததும் நான் செய்தது என்ன? அதேதான். எழுதியிருக்கிறதே, தப்பாகவா இருக்கும்? டிப்ளமோ படித்தும் என் புத்தி அந்தக் காகிதத்தை விட்டு வரவில்லை.

இதில் பெரிய கொடுமை, ஸ்கேனர் தப்பாகச் சொல்லவும் இல்லை. சென்சாரின் வோல்டேஜ் குறைவு என்றுதான் சொன்னது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொன்னவன் நான்.

வண்டி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். மில்காரரிடம் எப்படிக் கேட்பது?

“ஃப்ரீ செக்கப்புன்னு சொல்லுடா,” என்றான் பாஸ்கர். “வண்டி ஸ்டார்ட் ஆவலன்னாலும் தள்ளிக்கினு வந்துருவாரு.”

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி எங்கள் வாசலில் நின்றது.

இந்த முறை திரையை நம்பவில்லை. பெட்ரோல் லைனில் கேஜ் மாட்டிப் பார்த்தோம். பிரஷர் சரியாக இருந்தது. பம்ப், ஃபில்டர் இரண்டும் நல்லாத்தான் இருந்தன. இன்ஜெக்டர் எதுவும் சொட்டவில்லை. இன்ஜினுக்குள் காற்று போகிற ஹோஸ் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று சுற்றிலும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். இல்லை. பாஸ்கர் தன் பழைய சாமான் டின்னைக் கவிழ்த்து, போன மாதம் நான் கழற்றிய பழைய சென்சாரைத் தேடி எடுத்தான். அதைத் திரும்ப மாட்டினோம். புதுசு என்ன சொன்னதோ, அதையே சொன்னது. கம்ப்யூட்டரோ, வழக்கத்தைவிட இருபத்தைந்து சதவீதம் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னும் போதவில்லை, போதவில்லை என்று சென்சார் கத்திக்கொண்டிருந்தது.

பிறகுதான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன்.

நாலு பிளக்கும் கன்னங்கரேல் என்று கரி. சோறு வடித்த அடுப்பு மாதிரி. பெட்ரோல் போதாத இன்ஜினில் பிளக் வெளுத்துப் போயிருக்கும். கரி பிடித்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் ஜாஸ்தி என்று அர்த்தம். திரை பட்டினி என்கிறது. பிளக் அஜீரணம் என்கிறது. இரண்டில் ஒன்று எங்கேயோ ஏமாந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகுமா? போன மாதம் அந்தப் பத்து நிமிஷத்தை நான் செலவழித்திருந்தால் கோயிலும் இல்லை, கற்பூரமும் இல்லை.

லட்சுமணனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, வண்டியில வேற எதுனா வித்தியாசமா பாத்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“அன்னிக்கே சொன்னனே தம்பி. காலையில மொத ஸ்டார்ட்டுல டிக்கு டிக்குனு ஒரு சத்தம் வருது, கச்சிராயபாளையம் தாண்டுறதுக்குள்ள அடங்கிடுதுன்னு. நீ ஸ்கேனரப் பாத்துக்கினு இருந்த.”

சொல்லியிருக்கிறார். எனக்கு ஞாபகம் வந்தது. ‘சரிண்ணே சரிண்ணே’ என்றிருக்கிறேன், தலையைக்கூடத் தூக்காமல்.

வண்டியை அங்கேயே ஆறவிட்டோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் லட்சுமணன் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

“நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.”

பண்ணினார். டிக். டிக். டிக். டிக். புகை பைப் பக்கம்.

வண்டியைத் தூக்கி அடியில் போனேன். இன்ஜினிலிருந்து பைப் இறங்குகிற இடத்தில், சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், சோளப்பொரி ஒட்டின மாதிரி ஒரு வெல்டிங்.

“இது எப்ப வெச்சது?”

“கல்லு அடிச்சி பைப்பு வெரிசல் வுட்டுச்சு. மாத்தணும்னு சொன்னேன். மொதலாளிதான் ஜன்னல் கம்பி செய்ற கடையில வெல்டிங் ஊதிக்கினு வரச் சொன்னாரு. அதுக்கு அப்புறந்தான் அந்த லைட்டே எரிஞ்சுது.”

பாஸ்கர் ஈரச் சாக்கை எடுத்து சைலன்சர் வாயை அழுத்திப் பிடித்தான். நான் சோப்புத் தண்ணீரைக் குழைத்து அந்த வெல்டிங்மேல் ஊற்றினேன்.

குமிழ் கிளம்பியது. ஒரு கடுகு அளவு ஓட்டை. அதற்கு மேல் இல்லை.

நடந்தது இதுதான். இன்ஜின் புகையை விட்டு விட்டுத் தள்ளும். தள்ளும்போது அந்த ஓட்டை வழியாகப் புகை கசியும். அடுத்த தள்ளலுக்கு முன் ஒரு கணம், அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றை சென்சார் மோந்து பார்த்துவிட்டு, ஆக்சிஜன் ஜாஸ்தி, பெட்ரோல் போதவில்லை என்கிறது. கம்ப்யூட்டர் கூட்டி ஊற்றுகிறது. சூடு ஏறினால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கும், ஆனால் ஓட்டை முழுசாக அடைபடாது. மலை ஏற ஏற, காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் எங்கே போனது? புகையாகப் போனது. பூட்டின டேங்கிலிருந்து, சாவி அரைஞாணில் இருக்கும்போதே.

சைலன்சர் பேஸ்ட்டை அப்பி, இறுகவிட்டு, வண்டியை ஒரு ஓட்டம் ஓட்டி வந்தோம். இருபத்தைந்து சதவீதம் நாலுக்கு இறங்கியது. லட்சுமணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதான் திருடனா?” என்றார்.

ஒன்பது மணிக்கு மில்காரர் வந்தார். அவரைக் குனியவைத்து அந்த வெல்டிங்கைக் காட்டினேன். கரி பிடித்த பிளக்கைக் கையில் கொடுத்தேன். திரையில் இறங்கிய எண்ணைக் காட்டினேன். போன மாதம் வண்டி பக்கா என்று சொன்னது என் தப்பு, சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த வெல்டிங்காரன் திருட்டுப் பய,” என்றார்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு திருடன் கைவிட்டுப் போனால் உடனே இன்னொரு திருடன் வேண்டியிருக்கிறது இந்த மனிதருக்கு. ஜன்னல் கம்பி ஊதுகிறவரிடம் இன்ஜின் பைப்பைக் கொடுத்தது யார்?

நான் கேட்கவில்லை. லட்சுமணன் என்ன சொல்கிறார் என்று பார்த்தேன். அவர் மில்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைக்காக. ‘தப்பா சொல்லிட்டேன் லட்சுமணா’ — நாலு சொல்கூட இல்லை. அது வரும் வரும் என்று நின்றார்.

வந்தது இது: “சரி. சாயங்காலம் கோயிலுக்கு வந்துரு. ஊர்ல சொல்லியாச்சு. பூசாரிகிட்டயும் சொல்லியாச்சு. சும்மா பேருக்கு ஒரு கற்பூரம் அணைச்சிட்டுப் போ.”

பாஸ்கர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வைத்த சத்தம் பெரிதாகவே கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் லட்சுமணன் பேசிவிட்டார். குரல் ஏறவே இல்லை.

“வரேன் மொதலாளி. அணைக்கிறேன். ஆனா புள்ள மேல இல்ல. ஓட்ட இருந்துச்சு, அதான் பெட்ரோலக் குடிச்சிதுன்னு ஊரு முன்னாடி சொல்லி அணைக்கிறேன். அந்தப் பைப்ப மாத்தணும்னு நான் யார்கிட்ட சொன்னேன், ஜன்னல் கம்பி செய்ற கடைக்கு யாரு அனுப்புனாங்கன்னும் சேத்து சொல்லிட்டு அணைக்கிறேன். சத்தியம்னா முழுசா சொல்லணும் இல்லிங்களா?”

மில்காரர் வேனைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பாஸ்கரின் ஸ்பேனரைக்கூடப் பார்த்தார்.

“சாமி காரியத்துல வெளையாடக் கூடாது. வுடு. கற்பூரம்லாம் வேணாம். திங்கக்கெழம வண்டி எடு,” என்றார்.

அரைஞாணிலிருந்து டேங்க் சாவியை அவிழ்ப்பார் என்று பார்த்தேன். அவிழ்க்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்கர், “கெலிச்சிட்டீங்கண்ணே,” என்றான். டீ சொல்லப் போனான்.

கெலித்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடன் என்று சொன்னது மில் வாசலில், அத்தனை பேர் முன்னால். இல்லை என்று ஆனது ஒர்க்‌ஷாப்பில், மூன்று பேர் முன்னால், ஒரு வண்டிக்கு அடியில். பழி மைக் போட்டுச் சொன்ன மாதிரி மலை வரைக்கும் ஏறியிருக்கும். நிரபராதி என்பது எங்கள் ஷட்டரைத் தாண்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வந்து ஏமாந்து திரும்பின ஜனம் என்ன பேசியிருக்கும்? பயந்துகொண்டு வரவில்லை என்றுதானே?

கோளாறு என்றால் நாம் ஓட்டை எங்கே என்று தேடுவதில்லை. ஆள் எங்கே என்று தேடுகிறோம். அதுவும் கீழே இருக்கிற ஆளாகப் பார்த்து. மில்காரருக்கு மலைக்காரர் கிடைத்தார். படித்த எனக்கு ஒரு சென்சார் கிடைத்தது. இரண்டு பேரும் தேடியது ஒரே லட்சணத்தில்தான். வித்தியாசம், சென்சாருக்கு ஒன்பதாவது படிக்கிற பெண் இல்லை.

டீ வந்தது. லட்சுமணனிடம் கேட்டேன். “அண்ணே, இதை நான் பத்திரிகையில எழுதட்டுமா? கோயிலுக்கு வர்றவங்கள விட அதப் படிக்கிறவங்க ஜாஸ்தி. நீங்க எடுக்கலன்னு எழுதறேன். வண்டி பக்கான்னு சொன்னது என் தப்புன்னும் எழுதறேன்.”

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி யோசித்தார்.

“எழுது தம்பி. எம் பேரப் போட்டு எழுது. லட்சுமணன்னு நல்லா தெரியிற மாதிரி. பொண்ணு படிக்கும்.” இரண்டு வாய் குடித்தார். “அவரு பேரு மட்டும் வேணாம். திங்கக்கெழம வேலைக்குப் போவணும் இல்ல.”

லட்சுமணன் பெட்ரோல் திருடவில்லை. மில்காரருக்குப் பெயர் கிடையாது.